அக்காவுக்கும் ஒரு மாவிளக்கு

என் கண் சிவந்திருப்பதைப் பார்த்தவர்கள் முதலில், அழுதாயா என்று கேட்டார்கள். பிறகு, தூக்கம் இல்லையா என்று கேட்டார்கள். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டு, தங்கள் பிள்ளைகளின் முகம் என் பக்கம் திரும்பாமல் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற ஒருத்தி மனத்தில் இவ்வளவு வன்மம் வைத்திருக்கலாமா என்று கேட்பவர்கள், முழுவதையும் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

நான் பிள்ளை பார்க்கிறவள். கோலசிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு முன்னாலும் செம்பனைத் தோட்டம், பின்னாலும் செம்பனைத் தோட்டம். இளம் பெண்கள் விடிந்ததும் பேக்டரி வேன் ஏறிப் போய்விடுவார்கள். போகும்போது கைக்குழந்தைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை வயிற்று வலிக்கு என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். என் கூடத்தில் எப்போதும் தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும். அது என் பிழைப்பு மட்டுமல்ல. தாமானில் எனக்கென்று இருந்த பெயரும் அதுதான்.

கண் நோய் எப்போது தொடங்கியது என்று சரியாக நினைவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு இமையும் பசை போட்டு ஒட்டியது போல் இருக்கும். விரலால் பிரித்தால் முடியோடு வரும். பகல் முழுக்க உள்ளே மணல் உறுத்தும். இமை ஓரம் சிவந்து தடித்துக் கிடக்கும். காற்று பட்டால் போதும், நீர் வழியும். கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போடும்வரை கேட்டது. நிறுத்தினால் பழையபடி வந்தது.

அப்போதுதான் ஓரகத்தியின் மகனுக்கு முதல் பிள்ளை பிறந்து, முப்பதாம் நாள் தொட்டில் போட்டார்கள். அவள் வீடு எங்கள் வரிசையிலேயே மூலை வீடு. முதல் நாளே போய் வடைக்கு அரைத்து, கேசரி கிண்டி, வாசலில் மாவிலை வரைக்கும் கட்டியவள் நான். சின்னப் பாட்டி முறை என்று பிள்ளையைக் கையில் வாங்கி இரண்டு வார்த்தை கொஞ்சினேன். அவ்வளவுதான். ஓரகத்தி வந்து பிள்ளையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"குடு இங்க. அந்தக் கண்ண வச்சிக்கிட்டு பச்சப் பிள்ளைய இப்பிடி உத்துப் பாக்காத."

கூடம் நிறைய ஆட்கள்.

"என்னக்கா சொல்றீங்க?" என்றேன்.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? ரத்தமா கெடக்கு கண்ணு. உனக்கே தெரியணும் லா, தள்ளி நிக்கணும்னு."

யாரோ ஒருத்தி சிரித்தாள். நான் தள்ளி நின்றேன். நான் அரைத்த மாவில் சுட்ட வடையை எல்லாரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். அத்தனை பேர் வாயோடு வாய் வைத்துக் கொஞ்சினால், அதில் பாதிப் பேருக்கு இருமல் என்றால், காய்ச்சல் வராமல் வேறு என்ன வரும்? ஆனால் அன்று சாயங்காலமே தாமான் பெண்களின் வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்துவிட்டது. 'சில பேரு கண்ணு கொள்ளிக்கட்டைம்மா, பிள்ள வச்சிருக்கவங்க பாத்துக்குங்க.' பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

எதிர் வீட்டுப் பெண் முதலில் பிள்ளையை நிறுத்தினாள். மாமியார் வந்து பார்த்துக்கொள்ளப் போகிறார் என்றாள். மாமியார் வரவே இல்லை. பிள்ளையை அடுத்த தெருவில் விட்டாள். அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் ஒரு காரணம் வைத்திருந்தாள், ஒருத்தியும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கடைசியில் இரண்டு பிள்ளைகள் மிஞ்சின. அதில் ஒன்று கிறிஸ்தவப் பெண்ணின் பிள்ளை. "ஜெபம் பண்ணிட்டுத்தான் ஆன்ட்டி விடுறேன், உங்க கண்ணு என்ன பண்ணும்?" என்று சிரித்துக்கொண்டே விட்டுப் போவாள். அவளை மட்டும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அன்றைக்கு, நின்றுபோன பிள்ளைகளின் தொட்டில் துணிகளை அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்தேன். பிறகு அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். தாயே, என் கண்ணை மட்டும் சரிபண்ணிக் கொடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஒரு நாள் அந்த லோரியிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போய் டவுனில் ஒரு கண்ணாடிக் கடை வாசலில் இறக்கிவிட்டார். "கண்ணாடி போட்டா செகப்பு தெரியாது. கறுப்பா ஒண்ணு வாங்கிக்க," என்றார். அவர் அறிவு அவ்வளவுதான்.

கடையில் கண் பரிசோதிக்கிறவள் ஒரு தமிழ்ப் பெண். தினமும் ரவாங்கிலிருந்து கார் ஓட்டி வருகிறவள். டாக்டரம்மா என்று கூப்பிட்டேன். "ஐயோ, நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி, ஒப்டோமெட்ரிஸ்ட்," என்று சிரித்தாள். மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, ஏதோ மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல விளக்கில் பார்த்தாள். பிறகு என் இமையைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். பழுத்த செம்பனைப் பழம் மாதிரி சிவந்து கிடந்தது.

"இமை ஓரத்துல வரிசையா எண்ணெ சுரப்பி இருக்கு ஆன்ட்டி. உங்களுக்கு அது அடைச்சுப் போச்சு. தண்ணியா வரவேண்டிய எண்ணெ பற்பசை மாதிரி வருது, பாருங்க. அதான் எரியுது, செவக்குது."

"மத்தவங்களுக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது."

"பாத்தா ஏதாச்சும் ஆகுமா?"

அவளுக்குப் புரியவில்லை. "யாரு யாரப் பாத்தா?"

"நான் ஒரு பிள்ளையப் பாத்தா."

புரிந்ததும் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு ஆன்ட்டி இப்படிலாம் சொல்றது? கூட்டிட்டு வாங்க அவங்கள. அவங்க கண்ணையும் இந்த மெஷின்ல வச்சிப் பாக்கறேன்," என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண் இன்னும் எரியும் என்று அடக்கிக்கொண்டேன்.

அவள்தான் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். ஒரு பல்கலைக்கழகம் நடத்துகிறது. இந்த நோய்க்கு எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்துக் கிடக்காமல், இந்த மாதிரிக் கண்ணாடிக் கடையிலேயே வைத்தியம் பார்க்க முடியுமா என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். இதில் சேர்கிற எல்லாரும் காலையும் மாலையும் கண்மேல் சுடுதுணி வைக்க வேண்டும். பிறகு ஒரு நுரையால் இமை ஓரத்தைத் துடைக்க வேண்டும். சூட்சுமம் அந்த நுரையில்தான் இருந்தது.

"ரெண்டு விதமான பாட்டில் இருக்கு ஆன்ட்டி. ஒரே மாதிரி இருக்கும், ஒரே வாசம் அடிக்கும். ஒண்ணுல மருந்து உண்டு, இன்னொண்ணு வெறும் நுரை. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் எடுத்துக் குடுக்கும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"உனக்கே தெரியாம என்னம்மா வைத்தியம்?"

"தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கமா சாஞ்சிரும். மருந்து போட்டவங்க கண்ணு நல்லா ஆன மாதிரியே எனக்குத் தெரியும்."

படித்தவர்களுக்கு இது எப்படியோ, எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போமே, அது இதுதான். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். கட்டிப்போட்டவளுக்கே எது எதுவென்று தெரியக்கூடாது. தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் போகும். அம்மன் கொடுப்பதைக் கொடுக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

செய்யக் கூடாதவற்றை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணுக்கு மை கூடாது. விளக்கெண்ணெய் கூடாது. வேறு சொட்டு மருந்து கூடாது. இமைமேல் எதையும் தடவக் கூடாது.

"விபூதி?"

"நெத்தியில வச்சிக்குங்க. கண்ணுல விழாம பாத்துக்குங்க."

"அப்ப ஆரத்தி? தொட்டு கண்ணுல ஒத்திக்குவோமே, கையில கர்ப்பூரக் கரி, விபூதி எல்லாம் இருக்குமே?"

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அவளும் இந்து வீட்டுப் பெண்தான். ஆனாலும் அதைப் பற்றி நினைக்கவே இல்லையாம். பல்கலைக்கழகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சில நாளில் செய்தி வந்தது. ஆரத்தியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ளலாம், ஆராய்ச்சி முடியும்வரை கண்ணில் ஒற்ற வேண்டாம். 'நல்ல கேள்வி கேட்டீங்க ஆன்ட்டி, ஏற்கெனவே சேர்ந்த எல்லாத் தமிழங்களுக்கும் இதச் சொல்லிட்டோம்' என்றும் எழுதியிருந்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அது எவ்வளவு கஷ்டம் என்று முதல் வெள்ளிக்கிழமையே தெரிந்தது. சின்ன வயதிலிருந்து ஆரத்தி வந்தால் கை நெருப்புக்கும், நெருப்பிலிருந்து கண்ணுக்கும் தானாகப் போய்ப் பழகியது. வெறும் நெற்றியோடு நிறுத்தினால் கும்பிட்ட மாதிரியே இல்லை. தாயே, பொறுத்துக்கொள், வைத்தியத்துக்காகத்தான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் கோயில் தோட்டத்துக் கோயில். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன, கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. கூட்டம் சின்னது. ஒருத்தர் செய்வதை இன்னொருத்தர் பார்க்காமல் இருக்க முடியாது.

இரண்டு மூன்று வெள்ளி போயிருக்கும். ஆரத்தித் தட்டு என்னைத் தாண்டி ஓரகத்தியிடம் போனது. அவள் இரண்டு கையாலும் நெருப்பைத் தொட்டு, கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இமையில் அழுத்தி அழுத்தி ஒற்றிக்கொண்டாள். வெயிலுக்கென்று வாங்கிய அந்தக் கண்ணாடியை அவள் அப்போதெல்லாம் கோயிலுக்குள்ளேயும் கழற்றுவதில்லை. கண்ணில் கெட்டியாக மை வேறு. ஒற்றி முடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"பாத்தீங்களா, ஒருத்தி கண்ணுல ஒத்திக்கவே மாட்டேங்கறா. சாமி வெளிச்சம் ஆகல அந்தக் கண்ணுக்கு. நான் சொன்னப்ப நம்பலியே நீங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதில் சொல்லலாம். ஆராய்ச்சி, நுரை, கம்ப்யூட்டர் என்று அந்த இடத்தில் சொன்னால் யார் கேட்பார்கள்? திங்கட்கிழமை மிஞ்சிய இரண்டு பிள்ளைகளில் ஒன்று வரவில்லை. கிறிஸ்தவப் பெண்ணின் பிள்ளை மட்டும் வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கண் தெளிய ஆரம்பித்திருந்தது. காலையில் இமை ஒட்டுவது குறைந்தது. சுடுதுணியைப் பொறுக்கிற சூட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கும் ஒவ்வொரு காலையும் மாலையும், அவளை என்ன செய்யலாம் என்பதைத்தான் யோசித்தேன். வேறு எதற்கும் எனக்கு அவ்வளவு அமைதியான நேரம் கிடைத்ததில்லை. அவள் வீட்டுச் சுவரில் எழுதலாமா, அவளைப் போலவே குரல் அனுப்பலாமா என்றெல்லாம் யோசிப்பேன். எதுவும் போதவில்லை.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, மந்திரம் சொல்றியா? வாய் அசையுது," என்பார்.

"உங்க அண்ணிய நெனச்சிக்கிட்டிருக்கேன்."

"அப்ப துணி சூடு ஆறவே ஆறாது," என்று சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த பரிசோதனைக்கு என் நாள் வியாழன். அன்று லோரி பட்டறைக்குப் போக வேண்டியிருந்ததால், முதல் நாளே வரட்டுமா என்று கடைக்குக் கேட்டுவிட்டுப் போனேன். திரைக்கு இந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். அந்தப் பக்கம் யாரோ இருந்தார்கள். அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"அடுத்த மாசம் கடைசி விசிட் ஆன்ட்டி. இன்னும் சரியாகலன்னு சொல்றீங்க, எப்படி ஆகும்? மை வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஆரத்தியும் கண்ணுல ஒத்தாதீங்கன்னு மெசேஜ் அனுப்புனேனே, பாத்தீங்கதானே?"

"பாத்தேன்மா, பாத்தேன். பழக்கம் விடமாட்டேங்குது."

அந்தக் குரலை எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும். திரை விலகியது. ஓரகத்தி கண்ணாடி இல்லாமல், மை துடைத்த கண்ணோடு நின்றாள். இமை ஓரம் என்னுடையதைவிட மோசம். சிவந்து, செதில் செதிலாய் உரிந்து, முடி கொட்டிக் கிடந்தது. கையில் அதே நுரை பாட்டில்.

"நீ எங்க இங்க?" என்றாள்.

"நீங்க எங்கக்கா இங்க?"

"பிரேம் மாத்த வந்தேன்." பாட்டிலைப் பைக்குள் தள்ளினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

எனக்கு முன்னாலேயே அவள் இதில் சேர்ந்திருக்கிறாள். எனக்கு வந்த அதே நோய் அவளுக்கும் வந்திருக்கிறது. அவள் மையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு மறைத்திருக்கிறாள். நான் ஆரத்தியை ஏன் கண்ணில் ஒற்றவில்லை என்பது அந்தக் கோயிலில் என்னைத் தவிர ஒரே ஒருத்திக்குத் தெரியும், அவளுக்கு. நான் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அவள் கைத்தொலைபேசிக்கும் போயிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, நான் ஒற்றாததைப் பார்த்து, நானும் இதில் இருக்கிறேன் என்று புரிந்துகொண்டு, தெரிந்தே அப்படிச் சொல்லியிருக்கிறாள். தன் கண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக எல்லார் கண்ணையும் என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறாள்.

அறியாமல் சொன்னாள் என்று நினைத்திருந்தவரை என் கோபத்துக்கு ஓர் அளவு இருந்தது. அன்றைக்கு அது போய்விட்டது.

பரிசோதிக்கிற பெண்ணுக்கு என் முகம் எதையோ சொல்லியிருக்க வேண்டும். "தெரிஞ்சவங்களா ஆன்ட்டி? இங்க யார் வர்றாங்கன்னு நாங்க வெளிய சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ். எனக்குத்தான் பிரச்சினை வரும்," என்றாள். என்னை மனுஷியாகப் பார்த்த பிள்ளை. அவள் கேட்டு எப்படி மாட்டேன் என்பது? அம்மன்மேல் ஆணையாக அந்த ஆளை இங்கே பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். சொன்ன பிறகுதான், கையில் கிடைத்த கத்தியை நானே குளத்தில் போட்டுவிட்டது தெரிந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆடி மாதம் வந்தது. எங்கள் கோயிலில் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுவார்கள். நோய்நொடி உள்ளவர்கள் மாவிளக்குப் போடுவார்கள். வயிற்று வலிக்காரர் வயிற்றில், தலைவலி கண் வலிக்காரர் நெற்றியில் ஈரத்துணி போட்டு, வாழையிலைத் துண்டு வைத்து, அதன் மேல் மாவிளக்கை ஏற்றிக்கொண்டு அம்மனுக்கு முன் படுத்துக் கிடக்க வேண்டும். திரி அணையும்வரை எழுந்திருக்கக் கூடாது. எங்கள் பூசாரி ஒரு விஷயத்தில் கறார். முகம் கழுவாமல், மை பவுடரோடு வந்தால் விளக்கை வைக்கவே மாட்டார்.

அரிசியை ஊறவைத்துக்கொண்டு நின்றபோதுதான் அது எனக்குத் தோன்றியது. அம்மன்தான் தோன்ற வைத்தாள், இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். இன்னும் ஒரு பங்கு அரிசி எடுத்துப் போட்டேன்.

வெல்லமும் ஏலமும் போட்டுப் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் ஊற்றி, இரண்டு விளக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். கூழ் வாங்கக் கூட்டம் நிறைய. என் வீட்டில் பிள்ளை விட்டு நிறுத்தியவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஓரகத்தி முன் வரிசையில் மருமகளோடும் பேரனோடும் உட்கார்ந்திருந்தாள்.

"பூசாரி ஐயா, கண்ணுக்கு மாவிளக்கு நேர்ந்துகிட்டேன். ஒண்ணு எனக்கு," என்றேன். "இன்னொண்ணு எங்க அக்காவுக்கு."

அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. "எனக்கு எதுக்கு? என் கண்ணுக்கு என்னா?"

"ஒண்ணுமில்லன்னா நல்லதுதானேக்கா. ஒண்ணும் வராம இருக்கட்டும்னு நேர்ந்துகிட்டேன். மூத்தவங்க நீங்க. உங்களுக்குச் செய்யாம நான் மட்டும் எப்பிடி?"

"எனக்கு வேணாம் லா. நீயே ரெண்டையும் வச்சிக்க."

பூசாரிக்கு அது பிடிக்கவில்லை. "அடுத்தவங்க பேருல நேர்ந்துகிட்டத இவங்க எப்பிடி வச்சிக்கறது? அம்மன் முன்னால வேணாம்னு சொல்லாதீங்கம்மா. போயி மொகத்தக் கழுவிட்டு வாங்க. கண்ணாடி கூடாது, மை கூடாது."

கூட்டத்தில் ஒரு கிழவர், "தங்கச்சி எவ்ளோ பாசமா செய்யுது, போம்மா," என்றார். பெண்கள் வழி விட்டார்கள். அவளுக்கு வேறு வழியில்லை. குழாயடிக்குப் போனாள். நேரம் எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது சேலைத் தலைப்பால் முகத்தைப் பாதி மூடியிருந்தாள். பூசாரி தலைப்பை எடுக்கச் சொன்னார்.

முதலில் நான் படுத்தேன். திரி அணைந்தது. எழுந்து ஆரத்தியை நெற்றியில் மட்டும் வைத்துக்கொண்டேன். என் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, நான் சொன்ன சொல் தவறுகிறவள் அல்ல. என் இமை வெளுத்துச் சுத்தமாக இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நிமிர்ந்து நின்றேன்.

பிறகு அவள் படுத்தாள். கோயிலின் பெரிய விளக்கு நேராக அவள் முகத்தில் அடித்தது. மை இல்லாத அந்த இமைகளைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். ஈரத்துணியை நானே போட்டேன். இலையை நானே வைத்தேன். விளக்கை வைக்கக் குனிந்தபோது அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:

"மை வைக்காதீங்கன்னு அந்தப் பொண்ணு அத்தன தடவ சொல்லியும் கேக்கமாட்டேங்கறீங்களேக்கா."

நெற்றியில் நெருப்பை வைத்துக்கொண்டு அவளால் தலையை அசைக்க முடியவில்லை. மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. நோயால் வழிந்ததா, அழுதாளா, தெரியாது. நான் நெய்யைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். திரி வெகு நேரம் எரிந்தது. அவ்வளவு நேரமும் நான் கை கூப்பியபடி அவள் தலைமாட்டில் நின்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் எந்த ஆடியிலும் சாமி கும்பிட்டதில்லை.

பின்னால் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"ஐயே, இவங்களுக்கும் அதே கண்ணுதானா?"

"இவ்ளோ நாளு மறச்சி வச்சிருந்தாங்களா?"

"அப்ப அந்தப் பிள்ளைக்குக் காச்ச வந்தது யாரு கண்ணால?"

கடைசிக் கேள்வியைக் கேட்டவள் என் எதிர் வீட்டுப் பெண். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கடைசிப் பரிசோதனை அதற்குப் பிறகு வந்தது. எண்ணெய் நன்றாக வருகிறது என்று அந்தப் பெண் திரையில் காட்டினாள். எனக்குக் கிடைத்தது மருந்தா, வெறும் நுரையா என்று கேட்டேன். எல்லாக் கடைகளிலும் முடிந்த பிறகுதான் பிரிப்பார்களாம். எதுவாக இருந்தாலும் சுடுதுணியை விட்டுவிடாதீர்கள் என்றாள். பேச்சுவாக்கில், ஒருத்தர் கடைசி விசிட்டுக்கு வராமல் நின்றுவிட்டார், போன் எடுப்பதில்லை, இப்படி ஆள் குறைந்தால் முடிவு சரியாக வராது என்று வருத்தப்பட்டாள். அந்தப் பிள்ளைக்கு என்னால் ஒரு நஷ்டம் வந்ததில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. வேறு யாருக்காகவும் இல்லை.

பிள்ளைகள் திரும்பி வந்தன. எதிர் வீட்டுப் பெண் வந்து, மாமியாருக்கு முடியவில்லை, மறுபடி விடலாமா என்று கேட்டாள். இடமில்லை என்றேன். கூடத்தில் தொட்டில் காலியாகத் தொங்குவதை அவளும் பார்த்தாள். பார்க்கட்டும். முகம் பார்த்துப் பேசி, தப்பாகப் போச்சு ஆன்ட்டி என்று சொன்னவர்களின் பிள்ளைகளை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு காலையில் ஓரகத்தியின் மருமகள் வந்து நின்றாள். ரவாங்கில் ஒரு பேக்டரியில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து, கூட எடுத்த லீவும் முடிந்து, அன்று திரும்பிப் போகிறாள். தோளில் பிள்ளை, கையில் பை.

"சின்னத்தை, இவன நீங்க பாத்துக்குவீங்களா?"

"ஏம்மா, உங்க அத்தை வீட்டுலதானே இருக்காங்க?"

அவள் மூலை வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இல்ல சின்னத்தை... எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க. அத்தை கண்ணு அப்பிடி இருக்கு. நாள் பூரா அவங்க மொகத்தையே இவன் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க, அந்தக் கண்ணால பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகுமா?"

கண்ணாடிக் கடைப் பெண் எனக்குத் திரையில் காட்டிச் சொன்னது அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. சுரப்பி, அடைப்பு, ஒட்டாது, பார்த்தால் ஒன்றும் ஆகாது. ஒரு நிமிஷம் போதும், சொல்லி முடித்துவிடலாம்.

"மூத்தவங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்மா," என்றேன். "பெத்தவ நீ. உனக்கு எது நிம்மதியோ அதச் செய்."

அவள் தலையாட்டிக்கொண்டு பிள்ளையை என் கையில் கொடுத்தாள். நல்ல கனம் வைத்திருந்தான். பால் எப்போது, எதைக் கொடுத்தால் வாந்தி எடுப்பான், எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்குவான் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். தெருமுனையில் பேக்டரி வேன் ஹாரன் அடித்தது. ஓடப் போனவள் திரும்பி நின்றாள்.

"நான் வர இருட்டிரும் சின்னத்தை. சாயங்காலம் அத்தைய வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா," என்றேன். "எவ்ளோ நேரமானாலும் நீயே வா."